விழாத வண்டி உண்டா? சைடு ஸ்டாண்டும் கிராஷ் கார்டும் வந்த கதை

"அண்ணே... சைடு ஸ்டாண்ட்!"

தமிழ்நாட்டில் பைக் ஓட்டும் எல்லோரும் ஒரு தடவையாவது இந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள். கூப்பிட்டவர் யாரென்று தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம், பக்கத்தில் போகும் ஆட்டோக்காரராக இருக்கலாம், டீக்கடை வாசலில் நிற்பவராகவும் இருக்கலாம். சத்தம் கேட்காத தூரமென்றால் விரலைக் கீழே காட்டி சைகை செய்வார்கள். வண்டிக்காரர் இடது காலால் ஒரு தட்டு தட்டி ஸ்டாண்டை மேலே ஏற்றுவார், நன்றி சொல்வதுபோல் தலையை ஆட்டுவார், போய்விடுவார். அவ்வளவுதான்.

ஒரு அடி நீளம்கூட இல்லாத இரும்புத் துண்டு அது. வண்டி கீழே விழக்கூடாது என்பதற்காகத்தான் அதை வைத்தார்கள். அப்புறம் ஏன் முன்பின் தெரியாதவர்கள் கூட இப்படிப் பதறுகிறார்கள்?

காரணம் எளிது. நிற்கும் வண்டியை விழாமல் பிடிக்கும் அதே ஸ்டாண்ட், ஓடும் வண்டியில் ஆளை விழ வைத்துவிடும். மோட்டார் சைக்கிளை விழாமல் காப்பது எப்படி, விழுந்தாலும் அடிபடாமல் காப்பது எப்படி என்று 130 வருடங்களுக்கும் மேலாக மண்டையை உடைத்துக் கொண்டிருக்கிறார்கள். அந்த வரலாறு முழுக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: காப்பாற்றப்படுவது வண்டியா, ஆளா?

முதல் பைக்குக்கு நான்கு சக்கரம்!

1885. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் உள்ள கான்ஸ்டாட் என்ற ஊர். கொட்லீப் டெய்ம்லர், வில்ஹெல்ம் மேபாக் என்ற இருவரும் தாங்கள் செய்த சின்ன பெட்ரோல் இன்ஜினை ஒரு மரச் சட்டத்தில் பொருத்தினார்கள். 264 சிசி, அரை குதிரைத்திறன். அதற்கு வைத்த பெயர் ரைட்வாகன், அதாவது சவாரி வண்டி. உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்று இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

ஆனால் படத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பெரிய சக்கரங்கள். நடுவில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த குட்டிச் சக்கரங்கள். சின்னப் பிள்ளைகள் சைக்கிள் பழகும்போது பின்னால் மாட்டுவோமே, அதே மாதிரி! டெய்ம்லருக்கு பைக் செய்வதில் பெரிய ஆசை கிடையாது. இன்ஜின் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் அவர் நோக்கம். அதனால் விழாமல் இருக்க எது சுலபமோ அதைச் செய்துவிட்டார்.

அந்த வருடம் நவம்பரில் அவருடைய மகன் பால் அதை கான்ஸ்டாட்டிலிருந்து உண்டர்டுர்க்ஹைம் வரை ஓட்டிக்கொண்டு போனார். வண்டி விழவில்லை. ஆனால் சீட் தீப்பிடித்துக் கொண்டது! இன்ஜினின் சூடான குழாய் சீட்டுக்குக் கீழேயே இருந்ததுதான் காரணம். அந்த அசல் வண்டியும் 1903-ல் தொழிற்சாலையில் நடந்த தீ விபத்தில் அழிந்துபோனது. இப்போது அருங்காட்சியகங்களில் இருப்பவை எல்லாம் நகல்கள்.

ஸ்டாண்ட் முதலில் வந்தது எதற்கு?

1894-ல் மியூனிக் நகரத்தில் ஹில்டெப்ரான்ட் - வோல்ஃப்முல்லர் வண்டி வந்தது. வரிசையாகத் தயாரித்து விற்பனைக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிள் அதுதான். அதில் குட்டிச் சக்கரம் கிடையாது. ஓடும்போது இரண்டு சக்கரமே போதும், ஓட்டுகிறவர் சமாளித்துக் கொள்வார் என்பது சைக்கிளிலேயே தெரிந்துவிட்டது. ஆக, பிரச்சினை ஓடும்போது இல்லை, நிற்கும்போதுதான்.

அதற்கு வந்த விடை பின்பக்க ஸ்டாண்ட். பின் சக்கரத்தின் அச்சில் மாட்டிய ஒரு வளைவுக் கம்பி. அதைக் கீழே இறக்கி வண்டியைப் பின்னால் இழுத்தால் சக்கரம் தரையை விட்டு மேலே தூக்கிக்கொள்ளும். வண்டியை நிறுத்துவது மட்டும் இதன் வேலை இல்லை. ஆரம்ப கால வண்டிகள் பலவற்றில் கிளட்ச் கிடையாது. பெடல் மிதித்துத்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். சக்கரம் அந்தரத்தில் இருந்தால்தான் நின்ற இடத்திலேயே மிதிக்க முடியும்.

நம்ம ஊரில் இந்தக் காட்சி ரொம்ப நாள் உயிரோடு இருந்தது. 1972-ல் வந்த லூனா, 1980-ல் வந்த டிவிஎஸ் 50 இரண்டுக்கும் பெடல் உண்டு. ஸ்டாண்ட் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்து, சைக்கிள் மாதிரி மிதித்து ஸ்டார்ட் செய்த அப்பாக்களும் சித்தப்பாக்களும் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

வண்டியின் எடை கூடக் கூட, ஒவ்வொரு தடவையும் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்ட் போடுவது முதுகுக்கு வேலை வைத்தது. ஸ்டாண்ட் மெல்ல வண்டியின் நடுப்பகுதிக்கு நகர்ந்து சென்டர் ஸ்டாண்ட் ஆனது. இன்னொரு பக்கம், தூக்கவே வேண்டாம், காலால் தள்ளிவிட்டு வண்டியைச் சாய்த்தால் போதும் என்று சைடு ஸ்டாண்ட் வந்தது. ஹார்லி டேவிட்சன்காரர்கள் அதை ஜிஃபி ஸ்டாண்ட் என்றே அழைக்கிறார்கள். 'ஒரு நொடியில் போடும் ஸ்டாண்ட்' என்று அர்த்தம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. வசதிதான் முக்கியம்!

சாய்வில் ஒளிந்திருக்கும் கணக்கு

இங்கே கொஞ்சம் கணக்கு பார்த்துவிடலாம், பயப்பட வேண்டாம். நேராக நிற்கும் வண்டியை ஒரு கையால் கூடப் பிடித்துக்கொள்ளலாம். கொஞ்சம் சாய்ந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் ஒரு கட்டத்தைத் தாண்டினால் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கை விட்டுப்போகும். ஏன்? வண்டி 5 டிகிரி சாயும்போது கீழே இழுக்கும் விசை ஒரு பங்கு என்றால், 30 டிகிரி சாயும்போது அது ஏறக்குறைய ஆறு பங்கு ஆகிவிடும். வண்டி அதேதான், எடையும் அதேதான். அதனால்தான் சிக்னலில் மெதுவாகச் சாய ஆரம்பித்த வண்டி, கண்மூடித் திறப்பதற்குள் 'தடால்' என்று போகிறது.

சைடு ஸ்டாண்ட் இந்தக் கணக்கை வைத்துத்தான் வேலை செய்கிறது. இரண்டு சக்கரம், ஒரு ஸ்டாண்ட் என்று மூன்று புள்ளிகள். முக்காலி மாதிரி. வண்டியின் எடை அந்த முக்கோணத்துக்குள் விழும்வரை பயமில்லை. ஸ்டாண்ட் மண்ணில் புதைந்தாலோ, சித்திரை வெயிலில் இளகிய தாரில் இறங்கினாலோ சாய்வு கூடும், எடை முக்கோணத்துக்கு வெளியே போகும், வண்டி படுத்துவிடும். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லையோ மரத்துண்டையோ வைக்கிறார்களே, அது சும்மா பழக்கத்துக்குச் செய்வது இல்லை. எடையைப் பரப்பிவிடும் வேலை.

காக்க வந்ததே கவிழ்த்த கதை

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருவோம்.

ஸ்டாண்டை எடுக்க மறந்துவிட்டு ஒருவர் வண்டியைக் கிளப்புகிறார். நேராகப் போகும்வரை ஒன்றும் ஆகாது. இடது பக்கம் திரும்பும்போது வண்டி இடது பக்கம் சாயும். அப்போது ஸ்டாண்டின் முனை ரோட்டில் குத்தும். குத்தியதும் வண்டியின் எடை டயரை விட்டு ஸ்டாண்டின் மேல் ஏறும், பின் டயருக்குப் பிடிமானம் போய்விடும். அடுத்த நொடி ஆள் ரோட்டில். பின்னால் ஒரு லாரி வந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

அமெரிக்காவில் 1974-ல் நடைமுறைக்கு வந்த மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு விதி ஒன்று இதற்கு வழி சொன்னது. வண்டி முன்னால் போகும்போது ஸ்டாண்ட் தரையில் பட்டால், அது தானாகப் பின்னாலும் மேலேயும் மடங்க வேண்டும். ஹோண்டா வண்டிகளில் ஸ்டாண்டின் நுனியில் ஒரு ரப்பர் துண்டு வந்தது. ரோட்டில் பட்டதும் ரப்பர் உரசி, ஸ்டாண்டைப் பின்னால் இழுத்துவிடும். காசு செலவு அதிகம் இல்லாத நல்ல யோசனை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முன்னால் நகர்ந்தால் மடங்கும் ஸ்டாண்ட், இறக்கத்தில் நிறுத்திய வண்டி முன்னால் நகர்ந்தாலும் மடங்கும்தானே? ஆளைக் காப்பாற்றும் அதே குணம், சரிவான இடத்தில் வண்டியைக் கவிழ்த்துவிடுகிறது. அதனால்தான் சரிவில் நிறுத்தும்போது முன் சக்கரம் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும், வண்டி முதல் கியரில் இருக்க வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள்.

பிஎம்டபிள்யூ இன்னும் ஒரு படி மேலே போனது. பழைய பிஎம்டபிள்யூ வண்டிகள் சிலவற்றில் ஸ்டாண்டின் மேல் இருக்கும் எடை குறைந்தவுடனே ஸ்பிரிங் அதைத் தானாக மேலே இழுத்துக்கொள்ளும். மறதிக்கு இடமே இல்லை, அருமை! ஆனால் நடந்தது என்ன? நின்றுகொண்டிருக்கும் வண்டியை யாராவது லேசாக அசைத்தாலே போதும், ஸ்டாண்ட் 'சடக்' என்று உள்ளே போய்விடும். திரும்பிப் பார்த்தால் வண்டி தரையில் கிடக்கும். பைக்காரர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'தற்கொலை ஸ்டாண்ட்'. ஆளைக் காப்பாற்றப் போய் வண்டியைப் பலி கொடுத்த கதை இது.

இரண்டையும் காப்பாற்றிய விடை ஒரு சின்ன ஸ்விட்ச். ஸ்டாண்ட் கீழே இருக்கும்போது கியர் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் அணைந்துவிடும். சில வண்டிகளில் ஸ்டாண்டை எடுக்காமல் ஸ்டார்ட்டே ஆகாது. ஐரோப்பாவில் 1993-ல் இரு சக்கர வண்டிகளின் ஸ்டாண்டுக்கென்றே தனி விதி கொண்டு வந்தார்கள். இந்தியாவில் விலை கூடிய சில வண்டிகளில் மட்டும் இருந்த இந்த வசதி, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த சமயத்தில் வெளியான பல சாதாரண பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் சேர்ந்தே வந்தது.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சேறும் தண்ணீரும் பட்டு அந்த ஸ்விட்ச் கெட்டுப்போனால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். உடனே சிலர் ஒயர் இரண்டையும் முறுக்கி ஒன்றாகக் கட்டி 'சரி' செய்துவிடுகிறார்கள். ஐம்பது வருட உழைப்பு ஒரு நிமிடத்தில் காலி! பழையபடி டீக்கடை வாசல் குரலை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

விழத்தான் போகிறது என்றால்...

விழுவதை முழுக்கத் தடுக்க முடியாது என்று தெரிந்தவுடன் இன்னொரு வழியும் கூடவே வளர்ந்தது. விழுந்தாலும் சேதம் ஆகாமல் பார்த்துக்கொள்வது.

1923-ல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்32 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இன்ஜினில் சிலிண்டர்கள் இரண்டும் இடதும் வலதுமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று நன்றாகப் பட்டு இன்ஜின் குளிரும். ஆனால் வண்டி சாய்ந்தால் முதல் அடி சிலிண்டருக்குத்தான். மற்ற வண்டிகளிலும் கிளட்ச் லீவர், ஃபுட் ரெஸ்ட், பெட்ரோல் டேங்க் என்று ஏதாவது ஒன்று முதலில் தரையைத் தொடும். அதற்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பி தரையைத் தொட்டுவிட்டால்? அதுதான் கிராஷ் கார்டு. லெக் கார்டு என்றும் சொல்வார்கள்.

இந்தியாவில் கார்டு மாட்டும் வழக்கம் இவ்வளவு வேரூன்றியதற்குப் பொருளாதாரக் காரணமும் இருக்கிறது. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது, திருவொற்றியூரிலிருந்து புல்லட் வந்தது. 1972-ல் பஜாஜ் சேத்தக் வந்தது. அது லைசென்ஸ் ராஜ் காலம். எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதையே அரசாங்கம்தான் முடிவு செய்யும். வாங்க ஆள் அதிகம், வண்டி குறைவு. சேத்தக்குக்குப் பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்து கிடைத்த வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் மனசு தாங்குமா? முன்னால் ஒரு பம்பர், பக்கத்தில் ஒரு கார்டு, சீட்டுக்கு ஒரு கவர். கிடைப்பதற்கு அரிதான பொருளை ஆளை விடக் கவனமாகப் பார்த்துக்கொள்வது மனித இயல்பு. தலையில் ஹெல்மெட் இல்லாமல், வண்டிக்கு மட்டும் மூன்று பக்கம் கார்டு போட்டுக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்!

சரி, லெக் கார்டு காலைக் காப்பாற்றுகிறதா? பெயர் அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரிலேயே போய் ஆராய்ந்தார்கள். 1981-ல் வெளியான அந்த அறிக்கையின் முடிவு பலரை ஆச்சரியப்படுத்தும். கிராஷ் பார் இருந்தால் கணுக்காலிலும் பாதத்திலும் படும் அடி குறைகிறது. ஆனால் முழங்காலிலும் தொடையிலும் படும் அடி கூடுகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆளுக்கு லாபம் இல்லை!

பிரிட்டனில் அரசாங்கத்தின் சாலை ஆராய்ச்சி நிலையம் 1980-களில் காலுக்கென்றே தனிப் பாதுகாப்புக் கவசங்களைச் செய்து சோதித்துப் பார்த்தது. கால் தப்பித்தாலும் தலைக்கும் நெஞ்சுக்கும் ஆபத்து கூடலாம் என்று தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் அது சட்டமாகவே இல்லை.

இதனால் கிராஷ் கார்டு வீண் என்று அர்த்தமில்லை. நின்ற இடத்தில் சாய்ந்தாலோ, மெதுவாகப் போகும்போது சறுக்கினாலோ அது வண்டியின் செலவை மிச்சப்படுத்தும். அதுதான் அதன் வேலை. வேகமாக வந்து மோதும்போது உயிரைக் காப்பாற்றும் என்று நம்புவதுதான் தப்பு. இதற்கு நேர் எதிர் உதாரணம் பின் சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் சேலை கார்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அது வண்டிக்காக வந்தது இல்லை, ஆளுக்காக வந்தது. ஆனால் 'லுக்' கெட்டுப்போகிறது என்று சிலர் முதலில் கழற்றி வைப்பது அதைத்தான்!

பிளாஸ்டிக் காலத்துச் செலவு

1985-ல் வந்த சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 மாதிரியான வண்டிகள் ரேஸ் வண்டி போலவே உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு வந்தன. அழகும் வேகமும் கூடின. ஆனால் நின்ற இடத்தில் ஒரு தடவை சாய்ந்தாலே பிளாஸ்டிக் உடைந்துவிடும். முன்பு வளைந்த லீவரை மாற்றினால் முடிந்துபோன செலவு, இப்போது பல மடங்கு ஆனது. இரும்புக் கம்பி மாட்டினால் அழகு போய்விடும் என்பதால் ஃபிரேம் ஸ்லைடர் வந்தது. இன்ஜின் பக்கத்தில் போல்ட் போட்டு மாட்டும் நைலான் மாதிரியான கெட்டி உருளை. விழும்போது அது தேய்ந்து, மற்றதைக் காப்பாற்றும்.

ஹோண்டா 1990-ல் கொண்டுவந்த எஸ்டி1100 வண்டியில் கம்பெனியே இதை யோசித்துவிட்டது. இரண்டு பக்கமும் உள்ளே கம்பி, வெளியே தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய சின்னப் பிளாஸ்டிக் மூடி. சாய்ந்தால் அந்த மூடி மட்டும் கீறும். சில வண்டிகளின் பிரேக் லீவரில் நுனிக்குச் சற்று முன்னால் ஒரு வெட்டு இருக்கும். விழுந்தால் அந்த நுனி மட்டும் உடையும், மிச்ச லீவரை வைத்து வீடு போய்ச் சேரலாம். சின்ன நஷ்டத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பெரிய நஷ்டத்தைத் தவிர்ப்பது. காமர்ஸ் வகுப்பில் இன்சூரன்ஸ் பற்றிப் படிப்பதும் இதைத்தானே!

விழவே விழாத வண்டி?

அந்தக் கனவும் பழசுதான். ரஷ்யாவைச் சேர்ந்த பியோத்தர் ஷிலோவ்ஸ்கி 1914-லேயே லண்டனில் இரண்டே சக்கரத்தில் நிற்கும் காரை ஓட்டிக் காட்டினார். உள்ளே சுழலும் ஒரு கனமான பம்பரச் சக்கரம்தான் அதை நிமிர்த்திப் பிடித்தது. அது விற்பனைக்கே வரவில்லை. 2006-ல் பியாஜியோ எம்பி3 முன்னால் இரண்டு சக்கரத்தோடு வந்தது. நிற்கும்போது முன்பகுதியைப் பூட்டிவிட்டால் காலை ஊன்ற வேண்டாம். 2017 ஜனவரியில் ஹோண்டா, முன் சக்கரத்தைத் தானே லேசாகத் திருப்பித் திருப்பி ஆள் இல்லாமலே நிற்கும் பைக்கைக் காட்டியது. 2023 ஆட்டோ எக்ஸ்போவில் மும்பையைச் சேர்ந்த லைகர் மொபிலிட்டி தானாகச் சமநிலையில் நிற்கும் ஸ்கூட்டரைக் காட்சிக்கு வைத்தது. டெய்ம்லரின் குட்டிச் சக்கரங்கள் வேறு வேறு உருவத்தில் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன என்று சொல்லலாம்.

அதுவரை? கெட்டியான தரையில் நிறுத்துவது, ஹேண்டில் பாரை இடது பக்கம் திருப்பி வைப்பது, சரிவில் முதல் கியரில் விடுவது, ரொம்ப நேரம் நிற்க வேண்டுமென்றால் சென்டர் ஸ்டாண்ட் போடுவது. வண்டி சாய ஆரம்பித்து ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் இழுத்துப் பிடிக்காமல் விட்டுவிட்டு விலகுவது. விழுந்தவுடன் முதலில் சாவியை ஆஃப் செய்வது, அப்புறம் நிமிர்த்துவது. லீவர் கடையில் கிடைக்கும், இடுப்பெலும்பு கிடைக்காது.

130 வருடத்துக்கும் மேலான இந்த வரலாற்றில் வண்டிக்கென்று வந்த கருவிகள் எத்தனையோ. ஆளுக்கென்று வந்தவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் விலையே இல்லாத ஒன்று உண்டு. ஸ்விட்ச் வராத காலத்திலும் வேலை செய்தது, ஒயரை முறுக்கிக் கட்டிய வண்டியிலும் வேலை செய்யும்.

அடுத்த தடவை ஸ்டாண்டை எடுக்காமல் யாராவது முன்னால் போனால், தெரியாத ஆள்தானே என்று விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.

"அண்ணே... சைடு ஸ்டாண்ட்!"